ஆளில்லாத வீட்டுக்கு ஒரு ஸலாம்

குலசிங்கம் கேற்றைத் திறந்துவிட்டு, றுஷ்தாவின் கையிலிருந்த மரம் தேய்க்கும் தாளையும் பெயின்ற் டப்பாவையும் பார்த்தார். துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவுக்கு இருபது வருடமாக அவர்தான் காவல்.

"இங்க பேய் இருக்கெண்டு உங்கட கதையைப் படிச்சுத்தான் பிள்ளை எனக்கே தெரியும்," என்றார். "அதுவரைக்கும் நல்லா நித்திரை கொண்டனான்."

றுஷ்தா தலையைக் குனிந்துகொண்டாள். சுபைதா என்ற ஆயாவைப் பற்றி அவளுக்குச் சொன்னதே அவர்தான். பங்களாவின் வெள்ளைக்காரத் துரையின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது ஒன்பது நாள் கண்மூடாமல் நெற்றிக்கு ஈரத்துணி போட்டவள். குழந்தை போன பிறகு அதே காய்ச்சலில் தானும் போனவள். றுஷ்தாவுக்கு அது போதவில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களுக்குள்ளேயே குடியிருந்தவளுக்குப் பழைய பங்களா என்றால் ஒரு கொலை வேண்டும். ஆயா குழந்தையைத் தலையணையால் அமுக்கிக் கொன்றாள் என்று எழுதினாள். பெயரைக்கூட மாற்றவில்லை. கதை முகநூலில் பரவியது. பேய் பார்க்க வந்தவர்கள் மாடியறைக் கதவில் 'கொலைகாரி' என்று செதுக்கிவிட்டுப் போனார்கள்.

இன்று காலை றஹ்மா வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அவள் சத்தம் போடவில்லை.

"சுபைதா எங்கட உம்மாட பூட்டி. நாளைக்கு உம்மா அந்த வீட்டைப் பாக்கப் போறா. அவவுக்கு வாசிக்கத் தெரியும், றுஷ்தா."

அதுதான் இந்தத் தாளும் டப்பாவும்.

முதல் தடவை வந்தபோது செருப்போடு உள்ளே போயிருந்தாள். ஆளில்லாத வீடென்றாலும் ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே பழக்கியிருந்தார்கள். அன்றைக்கு அது தன் கதைக்குப் பொருந்தாத காரியமாகப் பட்டது. இன்று செருப்பைக் கழற்றினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

வௌவால் எச்சமும் உப்புக்காற்றும் மணத்தன. எங்கோ ஒரு ஜன்னல் முனகி அடங்கியது.

"வஅலைக்கும் ஸலாம்."

மாடியிலிருந்து வந்தது, கைவேலைக்கு நடுவே பதில் சொல்லும் ஒரு பெண்ணின் குரல்.

றஹ்மாவின் உம்மா முந்தியே வந்துவிட்டாரோ? கதவைப் பார்த்துவிட்டாரோ? பயத்தை வெட்கம் முந்த, படிகளில் ஓடினாள்.

அறையில் யாருமில்லை.

பின்னேர வெயில் தரையில் கிடந்தது. கதவில் அந்தச் சொல், அவள் நகம் பதியும் ஆழத்தில். முழந்தாளிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொத்தமல்லி அவித்த மணம் வந்தது.

பிறகு தண்ணீர்ச் சத்தம். யாரோ துணியை நனைத்துப் பிழிகிறார்கள். சொட்டு, சொட்டு, சொட்டு.

ஓடிவிடலாம். ஆனால் இன்னும் இரண்டு எழுத்து மிச்சமிருந்தது. திரும்பிப் பார்க்காமல் தேய்த்தாள். விரல் நுனியில் இரத்தம் கசிந்தது. கடைசிக் கோடும் போனது. பெயின்ற் பூசினாள்.

முதுகுக்குப் பின்னால் சேலை உரசியது.

குளிர்ந்த ஈரத்துணி ஒன்று அவள் நெற்றியில் மெல்லப் படிந்தது.

"உடம்பு கொதிக்குதே, மகள்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கழுத்தை நெரித்திருந்தாலும் தாங்கியிருப்பாள்.

எப்படிப் படியிறங்கினாள் என்று தெரியாது. கேற்றடியில் குலசிங்கம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். மேலே மழை ஒழுகுதா பிள்ளை என்று கேட்டார். மாசி மாத வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. அவள் முகத்திலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

வீட்டில் எல்லோரும் கிண்ணியாவுக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். பூட்டைத் திறந்தவள் வாசலிலேயே நின்றாள். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தது. தெரு விளக்கு எரிந்தது. ஸலாம் சொல்லாமல் நுழைய இனி அவளால் ஏலாது.

உதடு அசைந்ததோ இல்லையோ என்னுமளவுக்கு மெதுவாகச் சொன்னாள்.

அவளுடைய அறைக்குள், புத்தக அலுமாரிப் பக்கமாக, யாரோ துணி பிழிவதை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்கள்.