திரும்பி வரும் தண்ணீர்

அறைக்குள் பதினாறு பாகை. பொய்லரிலிருந்து புறப்படும் தண்ணீர் அறுபத்தைந்து. வீடு முழுக்க ஓடிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீரோ ஒன்பது. சசிகரன் அந்த மூன்றாவது முள்ளை விரலால் சுண்டிப் பார்த்தான். அது அசையவில்லை. குழாயைத் தொட்டான். ஐஸ்கட்டியைத் தொட்டாற்போல் விரல் கூசியது.

வீட்டுக்குள் ஓடும் தண்ணீர் வீட்டைவிடக் குளிர்ந்து திரும்ப வழியே இல்லை. அது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆகவே முள் பிழை, விரல் பிழை, எல்லாவற்றுக்கும் மேலாக இந்தக் குழாய்களைப் பூட்டிய ஆள் பிழை.

பூட்டியவர் பொய்லர் அறை வாசலில், மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்றார். பதுர்தீன், மாத்தளை டவுனில் முப்பது வருடமாகக் குழாய் வேலை செய்பவர். எல்கடுவைக்கு மேலே தேயிலைக்கு நடுவே நிற்கும் இந்தப் பழைய பங்களாவை லண்டனில் பல் வைத்தியராக இருக்கும் றிகாஸ் வாங்கி, அந்த நாட்டு வீடுகளைப் போலவே அறைக்கு அறை சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டர் வைக்கச் சொல்லியிருந்தார். மறுநாள் மனைவி பிள்ளையோடு வந்து இறங்குகிறார். வீடு மட்டும் சூடாகவில்லை. அதனால்தான் மாத்தளையில் அரசாங்கப் பொறியியலாளராக இருக்கும் சசிகரன், றிகாஸ் கேட்டுக்கொண்டதற்காக, தன் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு மலையேற வேண்டியதாயிற்று.

“பைபாஸ் வால்வை முழுக்கத் திறந்து விட்டிருக்கிறீர்,” என்றான். “சுடுதண்ணி அறைகளுக்குப் போகாமல் குறுக்கால திரும்பி பொய்லருக்கே வருது. பம்பும் ஒண்டாம் வேகத்தில கிடக்கு. உமக்கு இது விளங்கேல்லையோ?”

“வெளங்கித்தான் சேர் அப்பிடி வச்சேன்.”

“என்னத்துக்கு?”

பதுர்தீன் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். காலை வைக்கவில்லை. “இந்த ஊட்டுக்குச் சூட்டக் கொஞ்சமாத்தான் குடுக்கணும் சேர். கூடக் குடுத்தா ஆள் கூடிருவாங்க.”

“ஆர்?”

“நான் பாக்கல. ஒரே ஒரு நாள் மூடிப் பாத்தேன். போதும்.” குரலைத் தாழ்த்தினார். “கைப்புள்ளயோட வாறாங்க. அதுக்காவது கைய வக்காதீங்க.”

சசிகரனுக்குச் சிரிப்பு வந்தது. தன் வேலை பிழைத்துப்போனால் பேயின் தலையில் கட்டிவிடுவது. நோய்க்கு நூல், வாகனத்துக்கு எலுமிச்சம்பழம், இப்போது பொய்லருக்கும் பூதம். இப்படிப்பட்ட ஆட்களை நம்பித்தான் இந்த மலைக்காரர்கள் வீடு கட்டுகிறார்கள். “நீர் போய் வெளியில நிக்கிற வானில இரும்,” என்றான், ஈயை ஓட்டுவதுபோல் கையை அசைத்து.

பதுர்தீன் வெளியே இறங்கிப் போனார்.

சசிகரன் வால்வை இறுக்கி மூடினான். பம்பை மூன்றுக்குத் திருப்பினான். பைபாஸ் குழாயில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சீறல் சட்டென்று நின்று, பம்பின் முனகல் தரைக்கடியில் இறங்கி, குழாய்கள் ஒவ்வொன்றாக டிக் டிக்கென்று விரிந்து நீள, நெடுநாள் பூட்டிக் கிடந்த பங்களா தன் வாசனைகளையெல்லாம் அவிழ்த்துவிட்டது: சூடேறும் தூசி, பழைய மெழுகு, ஈர மரம், அவற்றுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர் அந்தக் காலத்தில் மழைக்குப் போர்த்திய கம்பளி நனைந்த வாடை. அந்த வீட்டில் கம்பளி எதுவும் இல்லை என்பதை அவன் யோசிக்கவில்லை. வென்றவனுடைய நடையில் அறைகளைப் பார்க்கப் போனான்.

சாப்பாட்டு அறையின் ஹீட்டர் சுட்டது. கையை எடுப்பதற்குள் ஆறியது. உள்ளங்கைக்குக் கீழேயே, கொதிக்கும் கேத்தலை ஆற்றில் அமிழ்த்தியதுபோல், சூடு வடிந்து போனது. காற்று அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அடுத்த அறை. அதுவும் சுட்டு, ஆறியது. மூன்றாவது அறைக்குள் நுழைகையில் நனைந்த கம்பளி வாடை மூக்கிலேயே அடித்தது. யாரோ தள்ளி இடம் கொடுப்பதுபோல் பலகைத் தரை கிறீச்சிட்டது. அவன் நின்ற பலகை அல்ல.

ஜன்னலுக்கு வெளியே மூன்று மணி வெயிலை மூடுபனி விழுங்கியிருந்தது.

பொய்லர் அறைக்குத் திரும்பினான். ஓடவில்லை; வேகமாக நடந்தான், அவ்வளவுதான். பொய்லர் அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் தண்ணீர் நான்கு பாகை. அவன் பார்த்திருக்கவே மூன்று. இரண்டு. குழாயின் மேல் உறைபனி வெள்ளையாய்ப் பூத்தது.

வால்வைத் திறந்தான். முழுக்கத் திறந்தான். முள் ஏறவில்லை. புறப்படும் தண்ணீரின் முள்ளும் இறங்கத் தொடங்கியது. ஐம்பது. முப்பது. பதினைந்து.

உறுமல் நின்றது. பம்ப் நின்றது. அவன் எதையும் நிறுத்தவில்லை.

இப்போது அந்த வீட்டில் சூடாக இருந்தது அவன் மட்டும்தான்.

முதலில் புறங்கையில். காற்று அல்ல. ஓர் உள்ளங்கை அளவு குளிர், வந்து படிந்தது. எடுக்கப்படவில்லை. பிறகு கணுக்கால். பிடரி. இரண்டு தோள்களும். ஒவ்வொன்றும் கையளவு. பொறுமையாக. அடுப்பைச் சுற்றி உட்காருபவர்களைப் போல. கடைசியாக ஒன்று சட்டைக்குள் நுழைந்து நெஞ்சுக்குழியில் ஒட்டியது. அது மிகவும் சின்னது.

அவன் கத்திக்கொண்டு ஓடினான்.

வான் கதவைத் திறந்து பக்கத்து ஆசனத்தில் விழுந்தான். பதுர்தீன் பிளாஸ்கைத் திறந்து, ஆவி பறக்கும் பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தார். சசிகரன் கோப்பையை இரண்டு கையாலும் பொத்தினான். ஆவி நின்றது. தேநீரின் மேல் மெல்லிய ஏடுபோல் ஐஸ் படர்ந்தது.

“யா அல்லாஹ். சேர், ஒங்கட கை...” பதுர்தீன் அவன் விரலைத் தொட்டார்.

சூடு.

இவ்வளவு சூடு ஒரு மனிதனுக்குள் இருக்கும் என்று சசிகரனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கோப்பை நழுவியது. அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்தான். நாடி துடித்தது. அந்தத் துடிப்போடு சூடும் கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குள் ஊறியது.

“விடுங்க சேர்.”

விடத்தான் நினைத்தான். உண்மையாகவே நினைத்தான். ஆனால் அவன் கைக்கு மேல் வேறு கைகள் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, தங்கள் முறைக்குக் காத்து.

“சேர்... விடுங்க...” குரல் மெலிந்தது. பதுர்தீனின் உதடுகள் நீலம் பாரித்தன. மீசையில் வெள்ளையாய்ப் பூத்தது.

சசிகரன் மற்றக் கையையும் நீட்டி, அவருடைய மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.