சுவர்ப் பக்கத்துக் கை

பதினேழாம் நம்பர் ஸாக்கெட் சூடாக இருந்தது.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த ப்ரசன்னா, கியர்பாக்ஸின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டி "செவன்டீன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அது உள்ளங்கையில் வைக்கப்பட்டது. ஜனவரி மாதத்து தில்லிக் குளிரில் காலையிலிருந்து தொட்ட ஒவ்வோர் இரும்பும் விரலைக் கடித்தது. இது மட்டும், யாரோ வெகுநேரம் மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்ததைப் போல வெதுவெதுப்பாக, லேசான ஈரத்தோடு இருந்தது.

சேட்டுவின் வேர்வை. ப்ரசன்னா முகத்தைச் சுளித்து, ஸாக்கெட்டை ஜாக்கெட்டில் இரண்டு முறை துடைத்துவிட்டு போல்ட் திருகும் ராட்செட்டின் முனையில் மாட்டினான்.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் சேட்டுவை மூன்றாம் மாடிக்கு அனுப்பியிருந்தான், தன் மனைவி ஜ்யோத்ஸ்னாவிடம் பழைய துணி வாங்கி வர. அதற்குள் திரும்பி வந்துவிட்டான் என்றால் அதிசயம்தான். சேட்டு அந்தக் கட்டடத்தின் காவல்காரன், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து எப்போதோ கூலி வேலைக்கு தில்லி வந்து, மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் மனைவியோடு இருப்பவன். ப்ரசன்னாவைவிடப் பத்து வயதாவது மூத்தவன். ஏழு வருடமாக ப்ரசன்னாவின் காரைக் கழுவுகிறான், காஸ் சிலிண்டரைத் தூக்குகிறான். அவனை 'நீ' என்பதற்கு ப்ரசன்னா என்றுமே யோசித்ததில்லை. குழாயைத் திறக்கும்போது குழாயிடம் மரியாதை பேசுகிறோமா என்ன?

வண்டியைத் தானே சரிசெய்வது என்று அவன் முடிவெடுத்ததே மற்றவர்களின் முட்டாள்தனத்தைப் பொறுக்க முடியாமல்தான். இரண்டு மாதத்துக்கு முன் பழையதாக வாங்கிய பிக்கப் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைப்பது போல ஒரு குலுக்கல். மெக்கானிக் ஒருவன் கியர்பாக்ஸையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்றான். ப்ரசன்னா அவன் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு வந்தான். எட்டாவதுகூடத் தாண்டாத ஒருவன், அமைச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் கோப்புகளில் குப்பை கொட்டியவனுக்குப் பாடம் எடுப்பதா? கியர்பாக்ஸ் ஆயிலையும் இரண்டு ஃபில்டரையும் மாற்றினால் போதும். மூளை உள்ள எவனும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நான்கு வீடியோ பார்த்தான். நான்கிலும் பேசியவர்கள் மடையர்கள் என்றாலும் விஷயம் பிடிபட்டது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. கரோல் பாக்கின் அந்தத் தெருவில் பனிமூட்டம் காலையிலிருந்தே கலையவில்லை. கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் தூண்கள் மட்டுமே நிற்கும் கார் நிறுத்தம். அங்கே புகையும் பனியும் கலந்த சாம்பல் நிறம் புகுந்து தூண்களை ஒவ்வொன்றாக விழுங்கியிருந்தது. புசா ரோடு பக்கம் மெட்ரோ போகும் சத்தம் கேட்டது, அது எங்கோ தண்ணீருக்கு அடியில் போவது போல. வண்டியின் நான்கு மூலையையும் ஜாக்கியால் தூக்கி, நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தியிருந்தான். அடியில் விரித்த அட்டையையும் மீறித் தரையின் குளிர் முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியாக எண்ணியது.

முதலில் எண்ணெய் ஊற்றும் போல்ட்டைத் தளர்த்தினான். முட்டாள்கள் கீழ் போல்ட்டை முதலில் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிடுவார்கள், பிறகு மேல் போல்ட் துருவேறி அசையாது, உட்கார்ந்து அழுவார்கள். அவன் அழுகிற ஜாதி இல்லை. மேல் போல்ட் வந்தது. அப்புறம்தான் கீழ் போல்ட்டைத் திருகினான்.

எண்ணெய் மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்க வேண்டும். கறுப்பாக வந்தது. பால் தீய்ந்த வாடையும் முடி கருகிய வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. தட்டில் விழுந்த எண்ணெயிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. ஒரு சொட்டு தெறித்து அவன் கன்னத்தில் விழுந்தது. அதுவும் வெதுவெதுப்பு. உடம்புச் சூடு.

வண்டியைக் கடைசியாக எடுத்தது புதன்கிழமை.

நான்கு வீடியோவிலும் ஒருத்தனும் இதைச் சொல்லவில்லையே என்று எரிச்சல்தான் வந்தது. "டென்" என்று இடது கையை நீட்டினான். சொல்லும் முன்பே பத்தாம் நம்பர் ஸாக்கெட் கையில் இருந்தது.

"பரவாயில்லையே சேட்டு. இன்னிக்குத்தான் உனக்கு மூளைன்னு ஒண்ணு வேலை செய்யறது" என்றான்.

ஸாக்கெட்டை மாட்டினான்.

"பேசாம இருக்கறதும் நல்லதுதான். நீ வாயைத் திறந்தா எனக்குத் தலைவலி."

எண்ணெய் தேங்கும் அடித் தொட்டியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றியதை இடப்பக்கம் நீட்ட, ஒரு கை வாங்கிக்கொண்டது. எங்கோ வைக்கும் சத்தம் கேட்கவில்லை. அவன் காதுக்கு மிக அருகில் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. அசையாத ஒரு போல்ட்டை நெம்ப அவன் மூச்சைப் பிடித்தபோது அதுவும் நின்றது. அவன் விட்டபோது அதுவும் விட்டது. பக்கத்தில் இப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்வதற்கு எவ்வளவு துணிச்சல் என்று நினைத்தான். தலையைத் திருப்பித் திட்டலாம். ஆனால் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சேட்டு என்ன பெரிய மனிதன்?

தொட்டி கீழே இறங்கியது. உள்ளே இருந்த பழைய ஃபில்டரைப் பிடித்து இழுத்தான். ஈர மண்ணிலிருந்து காலை உருவுவது போன்ற ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு அது வந்தது. அவன் நீட்டுவதற்குள் இடப்பக்கக் கை அதை வாங்கிக்கொண்டது. வாங்கும்போது விரல்கள் அவன் விரல்கள்மேல் பட்டன.

மிருதுவாக இருந்தன.

சிலிண்டர் தூக்கும் கை அப்படி இருக்காது. காய்ப்பு இல்லை, வெடிப்பு இல்லை. பேனாவைத் தவிர எதையும் தூக்காத கை. கோப்பைப் புரட்டும் கை.

காதில் மாட்டியிருந்த ஃபோன் ஒலித்தது. ஜ்யோத்ஸ்னா.

"ஏன்னா, பழைய வேஷ்டியைக் கிழிச்சுத் தந்தா போறுமா? டர்க்கி டவலும் வேணுமா? சேட்டு பாவம், வாசல்லயே அரை மணியா நிக்கறான்."

"யார் நிக்கறா?"

"சேட்டு. நீங்கதானே துணி வாங்கிண்டு வரச் சொல்லி அனுப்பிச்சேள்? நான் பூஜைல இருந்தேன், இப்பதான் கதவைத் திறந்தேன்."

"அவன் இங்கே..." என்று ஆரம்பித்தான்.

"எங்கே? என் எதிர்ல நிக்கறானே. சேட்டு, இந்தா, சார்ட்ட குடு." கதவு மூடும் சத்தம் ஃபோனில் கேட்டது. இணைப்பு அறுந்தது.

ப்ரசன்னா அசையாமல் கிடந்தான். நெற்றியில் கட்டிய விளக்கு கியர்பாக்ஸின் திறந்த வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. வளைந்து வளைந்து ஓடும் பாதைகள், பூச்சி அரித்த மரம் போல. அதன் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நடுங்கியது.

இடப்பக்கம். இத்தனை நேரமும் இடது கையைத்தான் நீட்டிக்கொண்டிருந்தான்.

இடப்பக்கம் சுவர்.

பக்கத்து வீட்டுக்காரன் கார் கதவைத் திறந்து கீறிவிடக்கூடாது என்று வண்டியைச் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்தியிருந்தான். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண். அதற்குள் பூனை நிற்கலாம். மனிதன் உட்கார முடியாது. கருவிப் பெட்டியை வைத்ததோ வலப்பக்கம், காலடியில்.

எண்ணெய்ப் புகை தலைக்கேறிவிட்டது என்று நினைத்தான். அப்படித்தான் இருக்கும். பேய் பிசாசு என்று நடுங்குவதெல்லாம் மாடிப்படிக்குக் கீழே குடியிருப்பவர்களின் வேலை. வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களின் வேலை. தன்னுடைய வேலை இல்லை.

நீட்டிய கையை மடக்க மறந்திருந்தான்.

அதில் ஏதோ வைக்கப்பட்டது. புது ஃபில்டர். உறை பிரிக்கப்பட்டிருந்தது. அவன் கேட்கவில்லை. ஆனால் அடுத்து மாட்ட வேண்டியது அதுதான்.

ஃபில்டரை நழுவவிட்டான். வலப்பக்கமாகப் புரண்டு வெளியே போக முயன்றான். மிருதுவான அந்த விரல்கள் அவன் விரல்களுக்கு நடுவே புகுந்து பின்னிக்கொண்டன. அழுத்தவில்லை. சும்மா பிடித்துக்கொண்டன. அவனால் அசைய முடியவில்லை.

"செவன்டீன்" என்றது காதருகே ஒரு குரல்.

அவன் குரல்.

"டென்" என்றது. கொஞ்சம் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது. "டென்." இப்போது சரியாக வந்தது.

"ஏய் சேட்டு. ஜல்தி." கொஞ்சம் நிறுத்தி, ருசி பார்ப்பது போல, "மடையன்" என்றது. "மடையன். முட்டாள். மடையன்." பிடிக்காததைத் துப்புவது போல ஒரு சத்தம்.

பிறகு மெதுவாக, பழகிப் பார்ப்பது போல: "சேட்டு, கொஞ்சம் வாங்கோ."

ப்ரசன்னா கத்தினான். கத்துவதாக நினைத்தான். வாய்க்குள் தீய்ந்த எண்ணெயின் ருசி மட்டும் இருந்தது. நாக்கு புரளவில்லை. கால் இருந்த இடத்தில் கால் இருந்தது, சொன்னதைக் கேட்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம். தேய்ந்த ரப்பர் செருப்பு. சேட்டு வருகிறான். நிஜமான சேட்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் செருப்புச் சத்தத்துக்காக ஏங்கினான். வலப்பக்கம், வண்டியின் ஓரத்தில், வெடித்த குதிகால்கள் இரண்டு வந்து நின்றன.

"சார், துணி."

இடப்பக்கம் இருந்தது நகர்ந்தது. நனைந்த ரஜாய்ப் போர்வை போல அவன்மேல் ஏறியது. ஜாக்கெட் துணி முகத்தில் உரசிப் போனது. அவன் ஷேவிங் லோஷனின் வாசனை. அவன் முழங்கை. அவன் தொந்தி. கடந்து, வலப்பக்கம் இறங்கி, அட்டையின்மேல் தேய்த்துக்கொண்டு வெளியே போனது. அவன் நெற்றியில் விளக்கு இல்லை. அது வெளியே போய்விட்டது.

"மொள்ள சார், தலை இடிக்கப் போவுது. கைய குடுங்க."

"தேங்க்ஸ். உங்களை ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன், சேட்டு. மன்னிச்சுக்கோங்கோ."

குதிகால்கள் அப்படியே நின்றன.

"அட, அதெல்லாம் என்னாத்துக்கு சார்" என்றான் சேட்டு.

அந்தக் குதிகால்களுக்கு எதிரே அவனுடைய ஷூக்கள் நின்றன. இடது ஷூவில் நேற்று அவன் போட்ட இரட்டை முடிச்சு. ஜ்யோத்ஸ்னாவின் கொலுசுச் சத்தமும் இஞ்சி டீயின் மணமும் பனிக்குள் வந்தன.

"சேட்டுக்கும் ஒரு கப் கொண்டு வந்திருக்கலாமே ஜ்யோத்ஸ். சரி, இதை நீங்க எடுத்துக்கோங்கோ, சேட்டு."

"இன்னிக்கு மழைதான் வரப்போறது!" ஜ்யோத்ஸ்னா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ப்ரசன்னா எத்தனையோ வருடம் கேட்டதில்லை. "என்ன ஆச்சு உங்களுக்கு? முகத்தைக் காட்டுங்கோ, எல்லாம் எண்ணெய். நான் துடைச்சு விடறேன்."

நான் இங்கே இருக்கிறேன். ஜ்யோத்ஸ். இங்கே.

ஒரு சொல்கூட வெளியே போகவில்லை.

ஷூக்கள் மடங்கின. அவனுடைய முகம் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தது. அவன் மூக்குக்கண்ணாடி. அவன் நரைத்த கிருதா. நெற்றி விளக்கு நேராக அவன் கண்ணில் அடித்தது. அது அவனைப் பார்த்தது. நிதானமாக, தலைமுதல் கால்வரை. அந்தப் பார்வையை அவனுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனால் உள்ளிருந்து தெரியும். வாசலில் நிற்கிறவர்கள்மேல் இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் போட்டுவந்தான்.

"அடியில யாராவது இருக்காளா, பாருங்கோ சேட்டு."

சேட்டுவும் குனிந்தான். டார்ச் வெளிச்சம் ப்ரசன்னாவின் காலில் ஏறி, வயிற்றில் ஏறி, முகத்தைக் கடந்து, சுவரில் போய் நின்றது. சேட்டு கவனமாகத்தான் பார்த்தான். நேராக அவன் கண்ணுக்குள் பார்த்தான்.

"யாரும் இல்லீங்களே சார்."

"மீதியை நாளைக்குப் பாத்துக்கறேன். வண்டியை இப்படியே தூக்கி நிறுத்தி வைக்கக் கூடாது. குளிருக்கு நாய் ஏதாவது அடியில போய்ப் படுத்துக்கும், பாவம். ஸ்டாண்டை எடுத்துடலாம்."

"நான் எடுக்கறேன் சார்."

"வேண்டாம், வேண்டாம். ரெண்டு பேருமாச் செய்வோம்."

பின்பக்கம் ஜாக்கி கிறீச்சிட்டது. ஒரு ஸ்டாண்டு உருவப்பட்டு, சிமெண்ட் தரையில் இழுபடும் சத்தம். இன்னொன்று. பின் சக்கரங்கள் தரையைத் தொட்டன. கியர்பாக்ஸ் ஒரு சாண் கீழே வந்தது. அப்புறம் முன்பக்கம். மூன்றாவது ஸ்டாண்டு.

தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே மிஞ்சப்போகும் உயரம் அவனுக்கு மில்லிமீட்டரில் தெரியும். வாங்கும்போது அந்த அளவைச் சொன்ன டீலரைத் திருத்தியதே அவன்தான். தன் மார்பின் உயரமும் தெரியும்.

நான்காவது.

"பாத்து, மெதுவா" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"மெதுவாத்தான்" என்றது அவன் குரல், மிகவும் இதமாக.

ஜாக்கி சீறியது. இரும்பு இறங்கியது. மூக்கின் நுனியைத் தொட்டது.

நிற்கவில்லை.