முதலில் பேசுகிறவர்

கதவுக்கு உள்பக்கம் கிடந்த மிதியடி நனைந்திருந்தது.

லேசான ஈரம் இல்லை. கால் வைத்ததும் பிழிந்ததுபோல் தண்ணீர் கசிந்து, ஏற்கெனவே மழையில் ஊறி மரத்துப் போயிருந்த அவளுடைய கால்விரல்களுக்கு நடுவே சில்லென்று ஏறியது. வீடு இருப்பதோ மூன்றாவது மாடியில், நீளமான நடையின் கடைசியில். சாரல் எட்டிப் பார்க்கவும் வழியில்லாத இடம். யாரோ சொட்டச் சொட்ட வந்து இதன்மேல் வெகுநேரம் நின்றிருந்தால்தான் இவ்வளவு ஊறும்.

மகள் பட்டாணி தண்ணீரைக் கவிழ்த்திருப்பாள், துடைக்க அந்த மனுஷனுக்குக் கை வந்திருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறு எதையும் நினைக்கிற பொறுமை அவளிடம் மிச்சமில்லை. பேருந்து வழியில் இரண்டு இடத்தில் படுத்துக்கொண்டது. குடைக்கம்பி முறிந்தது. பாதி வழியிலேயே போன் செத்துப்போனது. கீழே வந்து பார்த்தால் லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்குகிறது. வார் அறுந்த பையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவளை வரவேற்க ஈர மிதியடி மட்டும்தான் இருந்தது.

கூடத்தில் மேசை விளக்கு மட்டும் எரிந்தது. அதன் மஞ்சள் வட்டத்துக்குள் அவள் கணவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கட்டட நிறுவனங்களுக்கு அட்டையில் மாதிரி வீடுகள் செய்வது அவன் தொழில். இடுக்கி முனையில் கடுகளவு ஜன்னல் ஒன்றைப் பிடித்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு, ஒட்ட வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு திறந்த சத்தம் அவனுக்குக் கேட்காமல் இருக்காது. ஆனாலும் தலை அசையவில்லை.

சரி. இன்னும் சண்டை முடியவில்லை.

அவர்கள் வீட்டுச் சண்டைக்குச் சத்தம் கிடையாது, சட்டம் உண்டு. கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். முதலில் பேசுகிறவர் தோற்றவர். தோற்றவர் ஒரு வாரத்துக்குக் காலைத் தேநீர் போட வேண்டும். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, வருஷங்கள் போகப் போக விளையாட்டு உதிர்ந்து சட்டம் மட்டும் நின்றுவிட்டது. இந்த முறை காரணம் பட்டாணி. ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார்கள், பசை காய்கிற நேரம் என்று இவன் போனை எடுக்கவில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். பாதிப் பரிசோதனையில் வாடிக்கையாளரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அன்றைக்கு நின்ற பேச்சு. காய்ச்சல் இறங்கியதும், சனிக்கிழமை காலை, மகளை அவனிடமே விட்டுவிட்டு, "நீயே பார், அப்போது தெரியும்" என்று மனசுக்குள் மட்டும் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

அக்கா வீட்டிலும் மழைச் சத்தம் மட்டும்தான். அக்காவும் அத்தானும் பேசிப் பத்து நாளாகிறதாம். வேண்டியதைப் பூனையிடம் சொல்லிக்கொண்டார்கள். "சாப்பாடு ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லுடா" என்று அக்கா பூனையைப் பார்த்துச் சொல்ல, அத்தான் எழுந்து வந்தார். கிளம்பும்போது அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு இது பிறவி வியாதிடி. எனக்காவது பூனை இருக்கு. உனக்குப் புள்ள இருக்கு, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கும். போனதும் நீயே பேசிடு. தோத்தா என்ன, தலையா போயிடும்?"

பேசிவிடுவதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் அந்த முதுகைப் பார்த்ததும் பழைய வீம்பு திரும்பி வந்துவிட்டது. முதலில் ஈரத்தை மாற்றுவோம், பிறகு பேசலாம்.

குளியலறைத் தரையெல்லாம் தண்ணீர். அவளுடைய துண்டு கொடியில் கனத்துத் தொங்கி, நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்த நைட்டியைக் காணோம். சோப்பு வாசனையோடு இன்னொன்றும் கலந்து வந்தது. மாதக்கணக்கில் திறக்காத தண்ணீர்த் தொட்டியை மூடி நீக்கிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, பாசியும் இரும்பும் கலந்த அந்தக் குளிர்ந்த வாடை.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. நாத்தனார் வந்திருக்கிறாள்!

இரண்டு நாள் பொண்டாட்டி இல்லையென்றதும் தன் அக்காவை வரவழைத்துவிட்டான். வந்தவள் வழக்கம்போல் அலமாரியைக் குடைந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்து உடுத்திக்கொண்டு, வீடு முழுக்க ஈரமாக்கி... அவளுக்குக் காது மடலெல்லாம் சூடானது. சமையலறையில் சந்தேகம் தீர்ந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் மூன்று தட்டுகள். இரண்டு வழித்துச் சாப்பிட்டவை. மூன்றாவதில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. விளிம்பு வரை தண்ணீர் நின்று, பருக்கைகள் ஊதி மிதந்தன. தம்பி சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது மகாராணிக்கு.

மகளின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து தாழ்ந்த குரலில் ஒரு முனகல், பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல், மழையோடு இழைந்து வந்தது. பட்டாணியைத் தூங்க வைக்கிறாள். இந்தக் கோலத்தில் போய் நின்றால் "என்னம்மா இளைச்சுட்டே" என்று ஆரம்பித்துவிடுவாள். வேண்டாம். அவள் சமையலறை மூலையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல், கைத்துண்டால் ஒப்புக்குத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். பசி, குளிர், கோபம். கூடத்தில் இடுக்கி 'டிக்' என்று தட்டில் விழும் சத்தம். வந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டானாம். சொன்னால் தோற்றுவிடுவானாம்.

போனுக்கு உயிர் வந்தது. வந்த கையோடு அதிர ஆரம்பித்தது.

திரையில் நாத்தனாரின் பெயர்.

ஒரு கணம் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பக்கத்து அறையிலிருந்து போன் செய்கிறாளா, இந்த வீட்டு நோய் அவளையும் பிடித்துவிட்டதா?

"என்னம்மா, ஊருலேர்ந்து வந்துட்டியா? உன் போனும் போகல, தம்பியும் எடுக்க மாட்டேங்குறான். மறுபடி மௌன விரதமா ரெண்டு பேரும்?" பின்னணியில் தொலைக்காட்சி இரைந்தது. நாத்தனாரின் மாமியார் யாரையோ அதட்டுவது கேட்டது.

"அண்ணி... நீங்க எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன், என் வீட்லதான். இந்த மழையில வாசலத் தாண்ட முடியுதா? ஏன்டா கேக்குறே?"

"சும்மா... அப்புறம் கூப்பிடறேன் அண்ணி."

போனை வைத்த பிறகும் கை காதருகிலேயே இருந்தது. முனகல் நிற்கவில்லை. இப்போது அது இன்னும் தெளிவாகக் கேட்டது. குழாய்க்குள் தண்ணீர் இறங்கும்போது வரும் குமிழ்ச் சத்தம் அதற்கு அடியில் இருந்தது.

அவள் கூடத்துக்கு வந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"உள்ள யாரு?"

இடுக்கி நின்றது. அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான்.

"அப்பாடா! தோத்துட்டியா வாயாடி?" திரும்பாமலே சொன்னான். குரலில் அத்தனை நாள் கோபமும் கரைந்து நிம்மதி வழிந்தது. "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நானே பேசியிருப்பேன். ஒரு வாரம் டீ உன்னோடது, ஆமா. பட்டாணி தூங்கிட்டாளா?"

"உள்ள யாருன்னு கேட்டேன்."

அந்தக் குரலில் ஏதோ அவனைத் திருப்பியது. தலையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்தான், ஈர உடையைப் பார்த்தான், மார்போடு அணைத்திருந்த பையைப் பார்த்தான். சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை.

"ஏன் மறுபடி நனைஞ்சே? எங்க போயிட்டு வர்றே?"

"நான் இப்பதான் வர்றேன்."

"வெளையாடாத."

"பஸ் நின்னுடுச்சு. போன் செத்துடுச்சு. இப்பதாங்க உள்ள வந்தேன்."

"நீ சாயங்காலமே வந்துட்டியே." அவன் மெதுவாகச் சொன்னான், அவளுக்கு நினைவுபடுத்துகிறவனைப் போல. "பெல் அடிச்சுது. தெறந்து விட்டுட்டு வந்து உக்காந்துட்டேன். அங்கயே ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தே. உள்ள வான்னு சொன்னா நான் தோத்த மாதிரி ஆயிடும்னு சொல்லல. அப்புறம் குளிச்சே. எதிர்லதான் உக்காந்தே, சாப்பிடல. கோவம்னு விட்டுட்டேன்."

"மூஞ்சியப் பாத்தீங்களா?"

மழை. எங்கோ ஒரு ஜன்னல் அடித்துக்கொண்டது.

"சொல்லுங்க. மூஞ்சியப் பாத்தீங்களா?"

"இல்ல." அவன் உதடு காய்ந்திருந்தது. "நிமிர்ந்து பாக்கக் கூடாதுன்னு ஒரு வீம்பு. கால மட்டும் பாத்தேன். ஈரமா இருந்துது."

"பட்டாணி பாத்திருப்பாளே. அவ ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல. குனிஞ்சு தட்டையே பாத்துட்டிருந்தா. வேகமா சாப்பிட்டா. நாம சண்டைன்னா அவளும் பேச மாட்டாளே..." அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். "தூங்கப் போகும்போது என் சட்டையப் பிடிச்சு இழுத்தா. ரெண்டு தடவ இழுத்தா. பசை காயுதுடான்னு கைய எடுத்துவிட்டேன்."

பை அவள் கையிலிருந்து நழுவியது. விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

ஆறே அடியில் தாண்டிவிடக்கூடிய உள்நடை. அதன் தரை முழுக்க ஈரப் பாதங்கள், விரல்கள் மகளின் அறையை நோக்கியபடி. எல்லாம் போன சுவடுகள். திரும்பி வந்ததாக ஒன்றும் இல்லை. இரும்பும் பாசியும் கலந்த அந்த வாடை இங்கே கனத்து நின்றது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சுவரும் ஈரம்.

ஓடிப்போய் மகளை அள்ள வேண்டும். ஆனால் சத்தம் போடக்கூடாது என்று ஏதோ சொன்னது. உள்ளே இருப்பதைச் சீண்டிவிடக் கூடாது என்று.

கதவை விரலால் தள்ளினாள்.

சின்ன நீல விளக்கு. கட்டில். போர்வை.

போர்வைக்குள் இரண்டு பேர்.

பட்டாணி மல்லாந்து படுத்திருந்தாள். தூங்கவில்லை. கண்கள் அகலத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கும் சுவருக்கும் நடுவே நீளமாக ஒன்று சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது. தலையணையின் அந்தப் பாதி கறுத்து ஊறியிருந்தது. முதுகு இந்தப் பக்கம் இருந்தது. ஆனால் கை, முதுகுப்பக்கமாக, எந்தக் கையும் மடங்காத விதத்தில் மடங்கி வந்து, குழந்தையின் மார்பைத் தட்டிக்கொண்டிருந்தது.

மெதுவாக. அன்பாக.

தட்டிய இடத்திலெல்லாம் போர்வை நனைந்திருந்தது.

பட்டாணியின் கண்கள் கூரையிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தன. அம்மாவைக் கண்டுகொண்டன. உடம்பில் வேறெதுவும் அசையவில்லை. உதடுகள் மட்டும் ஒன்றோடொன்று இன்னும் இறுகின. அழவில்லை. கூப்பிடவில்லை. இந்த வீட்டில் கோபமாக இருப்பவர்கள் பக்கத்தில் இருக்கும்போது பேசக் கூடாதென்று அவளுக்குத் தெரியும்.

அம்மா ஒரு கையை நீட்டினாள். வா. மெதுவாக. வா கண்ணு.

பின்னால் அவன் வந்து நின்றதை உணர்ந்தாள். வேண்டாம், பேசாதீர்கள், தயவுசெய்து. திரும்பிச் சொல்ல நேரமில்லை. அவனுடைய மூச்சு அவள் கழுத்தில் பட்டது. பயந்துபோன, சின்னப் பிள்ளையின் குரலில் அவன் கூப்பிட்டான்.

"வாயாடி..."

தட்டுவது நின்றது.

"தோத்துட்டீங்களா?" என்றது கட்டிலில் இருந்து, வாசலில் நின்றவளுடைய குரலே, ஆசையாக. சுவர்ப்பக்கம் இருந்த தலை, உடம்பு திரும்பாமல், அவர்களைப் பார்க்கத் திரும்பத் தொடங்கியது.