தனோம் மாமாவின் நான்காவது அடுக்கு

தாய்லாந்தின் மஹாச்சை மீன்துறைக்குப் பின்னாலிருந்த வரிசை வீடுகளில் அன்று எல்லாருடைய கண்ணும் சுவர்க் கடிகாரத்தின்மேல் இருந்தது. மணி பதினொன்றே கால். பிக்குகள் ஐவர் பாயில் அமர்ந்துவிட்டனர். நண்பகல் பன்னிரண்டு அடித்துவிட்டால் அவர்கள் ஒரு பருக்கையையும் தொடமாட்டார்கள்.

பத்து வயது யமினின் அம்மா கின் மியா மறைந்து அன்றோடு ஓராண்டு. பிக்குகள் உண்டபின் நீர் வார்த்தால்தான் அந்தப் புண்ணியம் அம்மாவைச் சேரும். யமினுக்கு அன்று வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

கின் மியா, பர்மாவின் மோல்மேன் பக்கத்திலிருந்து இறால் உரிக்க வந்தவர். உரித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஊர்வேலைதான். காய்ச்சல்காரரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்காக அலுவலகத்தில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். அவருடைய தாய்லாந்து மொழி அரைகுறைதான். ஆயினும் அவர் பேசத் தொடங்கினாலே அதிகாரிகள் விரைந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

எவரிடமும் அவர் உதவி கேட்டதில்லை, எடுத்துக்கொள்வார். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று, உறங்கிக்கொண்டிருந்த தனோம் மாமாவின் தலைமாட்டிலிருந்தே மின்விசிறியைத் தூக்கிச் சென்றவர் அவர். அடுப்பு எரியும் வீட்டுக்குள் நுழைவார். அடுக்குத் தூக்குப் பாத்திரத்திலிருந்து ஓர் அடுக்கைக் கழற்றிச் சோறு நிரப்புவார். அடுப்பு எரியாத வீட்டில் கொடுத்துவிடுவார். காலி அடுக்கு எந்த வீட்டுக்குத் திரும்பும் என்பது அவருக்கே தெரியாது.

அன்று வீட்டுக்கொரு தூக்காக உணவு வந்திறங்கியது. நூடுல்ஸ் வியாபாரம் செய்யும் புவா அத்தை தம் தூக்கைப் பிரித்து அடுக்குகளைப் பரப்பினார். பனிக்கட்டி ஆலையின் காவலர் தனோம் மாமா திடுக்கிட்டு எழுந்தார்.

"நில்லு புவா! அந்த அடுக்கு என்னோடது!"

"என்னண்ணே உளர்றீங்க?"

"அடியில பச்சைப் பொட்டு வெச்சிருக்கேன், பாரு! நாலு அடுக்குத் தூக்கு, ஆறு வருஷமா மூணா நிக்குது. ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது!"

"ஊர் சிரிக்கறது தூக்கைப் பார்த்தில்லண்ணே, உங்க மீசையப் பார்த்து!"

பொட்டைப் பார்க்க மாமா அடுக்கைச் சாய்த்தார். உள்ளே குழம்பு சாய்ந்தது. புவா அத்தை பாய்ந்து பிடித்தார். பிடித்தவரின் பார்வை மாமாவின் தூக்கில் விழுந்தது.

"அப்போ உங்க தூக்குல இருக்கற மூடி? சிவப்புப் பொட்டு! என் மூடிண்ணே அது!"

அவ்வளவுதான். ஒவ்வொருவரும் அடுத்தவர் தூக்கைக் குனிந்து பார்க்கத் தொடங்கினர். யமினின் அப்பா இரு பக்கமும் கைகூப்பிக்கொண்டே நின்றார். எவரும் அவரைக் கவனிக்கவில்லை. மூத்த பிக்கு மெல்ல இருமிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தைந்து.

யமின் மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவே போய் நின்றாள்.

"மாமா, அந்த அடுக்கு உங்களோடதுதான். இப்பவே எடுத்துக்கங்க."

மாமா வெற்றிப் புன்னகை பூத்தார்.

"ஆனா குழம்பு அத்தையோடது. அதை எறக்கிட்டுத்தான் எடுக்கணும்."

"எங்க எறக்கறது?"

"அதோ, சாமிங்களுக்கு முன்னால இருக்கற கிண்ணத்துல."

மாமா கிண்ணத்தைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார். "வழி விடுங்கப்பா!" என்று கூவிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். மற்றவர்கள் விடுவார்களா? தத்தம் அடுக்கை மீட்க அவர்களும் குழம்பை இறக்க ஓடினர். அத்தனை விரைவாக அந்தத் துறையில் எவரும் பிக்குகளுக்கு உணவு படைத்ததில்லை.

"போதும், போதும். நாங்க அஞ்சு பேர்தான்" என்றார் மூத்த பிக்கு.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவர்கள் உண்டு முடித்தனர். மந்திரம் ஒலிக்க, அப்பா சிறு செம்பிலிருந்து நீரை மெல்ல வார்த்தார். யமின் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குப் போயிருக்குமாப்பா?"

"போயிருக்கும். வாங்கி வெச்சிட்டு, அங்க யார் வீட்டுல அடுப்பு எரியலன்னு பார்க்கக் கெளம்பியிருப்பா."

கழுவிய அடுக்குகளையெல்லாம் யமின் பாயில் கவிழ்த்து வைத்தாள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பொட்டுகள் தெரிந்தன. தனோம் மாமா தம்முடையதை எடுத்தார், உடனே தூக்கில் ஏற்றிவிடவில்லை.

"டெங்குல கெடந்தப்போ எனக்குக் கஞ்சி இதுலதான் வரும். நான் நல்லானதும் கின் மியா எடுத்துட்டுப் போனா, அப்புறம் அடுக்கு வரவே இல்ல. ஆனா என்ன கஞ்சி அது! தேவாமிர்தம்!"

"நான் வெச்ச கஞ்சிண்ணே அது" என்றார் புவா அத்தை. "யாருக்குன்னு கின் மியா சொல்லவே இல்ல. தெரிஞ்சிருந்தா உப்பைக் கூட்டிப் போட்டிருப்பேன்."

முதலில் சிரித்தவர் தனோம் மாமாதான். பின்னர் நான்கு அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கொக்கியை மாட்டினார்.

அந்நேரம் வரிசையின் கடைசி அறையிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. அங்கு குடியிருந்த ஸூ ஸூவுக்குப் பிள்ளை பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்த அறையில் காலையிலிருந்து அடுப்பு எரியவில்லை என்பது யமினுக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் கரண்டியோடு சுற்றிலும் பார்த்தாள். தூக்குகள் எல்லாம் பூட்டப்பட்டிருந்தன.

"என்னை ஏன் பார்க்கறே?" என்றார் தனோம் மாமா.

"சும்மாதான் மாமா."

"வேற யார்கிட்டயும் தூக்கே இல்லியா?"

"இருக்கு மாமா. ஆனா உங்களோடதுதான் ரொம்பப் பெரிசு. முழுசா நாலு அடுக்கு!"

மாமா பெருமூச்சு விட்டுக் கொக்கியைக் கழற்றினார், மேலடுக்கை நீட்டினார்.

"திரும்பி வரணும், ஆமா!"

"வரும் மாமா. யார் வீட்டுக்குன்னுதான் தெரியாது!"

சோறும் குழம்புமாக நிரம்பிய அடுக்கோடு யமின் கடைசி அறையை நோக்கி ஓடினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.