தோற்கத் தெரிந்த வாள்

பயிற்சிக்கூடத்தின் மரத்தரையைத் துடைப்பது அன்று தமாகியின் முறை. ஈரத்துணியை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை குனிந்தபடியே ஓட வேண்டும். பனிக்காலத்தில் அந்தத் தரை ஐஸ்கட்டி மாதிரி சில்லிடும். ஆனாலும் தமாகி சிரித்துக்கொண்டே ஓடினாள்.

புத்தாண்டு வாள்விழாவில் யாருக்கு என்ன பங்கு என்று ஆசிரியை அன்றுதான் சொல்லப்போகிறார். தமாகியின் அப்பா லாரி ஓட்டுபவர். பனிக்காலத்தில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். இந்தத் தடவை விழாவுக்கென்றே லீவு போட்டிருந்தார்.

"நான் ஜெயிக்கிறதை வந்து பாருங்கப்பா," என்று போனில் சொல்லியிருந்தாள்.

ஆசிரியை குராதா காலையில் பேக்கரி நடத்துவார். மாலையில் வாள் கற்றுக்கொடுப்பார்; பிள்ளைகள் அவரை 'சென்செய்' என்பார்கள். அவர் மரவாளை ஓங்கினால்கூட லேசாக ரொட்டி வாசனை வரும். பேச்சு மட்டும் மிகக் குறைவு.

"தமாகி, யோசுகே, ரெண்டு பேரும் ஒரு ஜோடி," என்றார். "அஞ்சு அடவு. யோசுகே பதில்வாள். தமாகி அடிவாள்."

தமாகியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஜோடி அடவு என்பது போட்டி அல்ல. யார் எப்படி வீச வேண்டும் என்பதெல்லாம் பல நூறு வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. அடிவாள் பிடிப்பவர் முதலில் தாக்குவார். பதில்வாள் பிடிப்பவர் விலகித் திருப்பி அடிப்பார். அந்த வாள் அடிவாள்காரரின் நெற்றிக்கு ஒரு மயிரிழை மேலே வந்து நிற்கும். ஒவ்வோர் அடவிலும் ஜெயிப்பது பதில்வாள், தோற்பது அடிவாள்.

இதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசிரியைதான் அடிவாள் பிடித்தார். எல்லாப் பிள்ளைகளும் ஜெயித்தார்கள். தோற்கிற வாளைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை.

தமாகியின் வகுப்புத் தோழன் கசுமா அவள் காதருகே வந்தான். "அடிவாளா? அப்போ அஞ்சு தடவையும் சாகப்போற. அதுவும் யோசுகே கையால. அவனுக்கு இன்னும் முன்பல்லே முளைக்கல."

"அவன் வாளாலதான் அடிப்பான், பல்லால இல்ல," என்றாள் தமாகி. ஆனால் குரல் கம்மியது.

வீட்டுக்கு வந்ததும் சாமி அலமாரியின் முன்னால் நின்று இருமுறை கைதட்டி, தலைவணங்கி வேண்டிக்கொண்டாள். "சாமி, சென்செய் மனசை மாத்திடு. அப்பா முன்னாடி நான் தோக்கக் கூடாது."

ஆசிரியையின் மனசு மாறவில்லை. மறுநாளே பயிற்சி தொடங்கியது.

தமாகி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தோற்கத்தான் வேண்டும் என்றால், நான் எவ்வளவு வேகம் என்பதையாவது எல்லாரும் பார்க்கட்டும். மரவாளை ஓங்கினாள். காற்று விர்ரென்று கிழிந்தது.

யோசுகே பயந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் திறடா."

"திறந்துதான் இருந்துச்சுக்கா. அதுவா மூடிக்கிச்சு."

அவனுக்கு எட்டு வயது. பயந்தால் விக்கல் வரும். அன்று விக்கல் நிற்கவே இல்லை. இடது பக்கம் விலக வேண்டிய இடத்தில் வலது பக்கம் விலகினான். அடிக்க வேண்டிய இடத்தில் மன்னிப்புக் கேட்டான். கடைசியில் தமாகியின் வாள் அவன் கட்டைவிரலில் பட்டுவிட்டது.

ஆசிரியை வாசலிலிருந்து ஒரு பிடி பனியை அள்ளி வந்து அவன் விரலில் வைத்தார். தமாகியை ஒருமுறை பார்த்தார். "இன்னைக்குப் போதும்," என்றார். அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு, செருப்பு விடும் இடத்தில் யோசுகே மட்டும் உட்கார்ந்திருந்தான். பனிப்பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தான்.

"பூட்ஸை மாத்திப் போட்டிருக்க," என்றாள் தமாகி.

"தெரியும். மாத்திப் போட்டா மெதுவாதான் நடக்க முடியும். மெதுவாப் போனா, நாளையிலிருந்து வரமாட்டேன்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கலாம்."

வாசல் வரை போன தமாகி திரும்பி வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விரல் வலிக்குதா?"

"கொஞ்சம்." ஒரு விக்கல். "அக்கா, என்மேல கோவமா?"

"இல்லையே."

"சென்செய் அடிக்க வந்தா என் கை தானாப் போகுது. நீ அடிக்க வந்தா என் கை வழி தெரியாமத் தொலைஞ்சுபோகுது."

தமாகி அவன் விரலைப் பார்த்தாள். போன பனிக்காலம் நினைவுக்கு வந்தது. முதல் அடவைக் கற்றபோது அவளும் தவறான பக்கம்தான் விலகினாள். அப்போது ஆசிரியை எப்படி வந்தார்? வாளை ஓங்கி, அவள் கண்ணைப் பார்த்து, அவள் மூச்சு இழுக்கும் வரை நின்றார். பிறகுதான் வீசினார். அவளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகத்தில்தான் வீசினார். தமாகி ஜெயித்தாள். வீடு வரை துள்ளிக்கொண்டு போனாள்.

அந்த வெற்றியை யார் கொடுத்தது என்று அவள் இன்றுவரை யோசித்ததில்லை. அவள் முகம் சூடானது.

"பூட்ஸைக் கழட்டு," என்றாள்.

"எதுக்கு?"

"உன் கை எங்க தொலைஞ்சுதோ, அங்க போய்த் தேடுவோம். வா."

ஆசிரியையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இருவரும் மறுபடி தரையில் நின்றார்கள். தமாகி வாளை ஓங்கினாள். காத்திருந்தாள். யோசுகேயின் மார்பு மூச்சில் ஏறியதும் மெல்ல வீசினாள். அவன் விலகினான். அவன் வாள் அவள் நெற்றிக்கு மேலே வந்து நின்றது.

"அக்கா, நான் உன்னைக் கொன்னுட்டேன்," என்றான் அவன் வாய் பிளந்து.

"நல்லாக் கொன்ன. இன்னொரு தடவை கொல்லு."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவன் கொஞ்சம் வேகமானால் அவளும் கொஞ்சம் வேகமானாள். வேகமாக வீசுவதைவிட, இன்னொருவன் மூச்சைப் பார்த்து வீசுவது எவ்வளவு கஷ்டம் என்று தமாகிக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் தோளைவிடக் கண்தான் அதிகம் வலித்தது.

விழா நாள் காலையில் மறுபடி சாமி அலமாரியின் முன்னால் நின்றாள். "சாமி, யோசுகேவுக்கு மட்டும் விக்கல் வராமப் பாத்துக்கோ."

கோயில் மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. முதல் வரிசையில் அப்பா முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. மகளைப் பார்த்ததும் அதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

தமாகியும் யோசுகேயும் வணங்கி, வாளை நீட்டி நின்றார்கள். முதல் அடவு அழகாக வந்தது. இரண்டாவது அதைவிட அழகு.

அப்போதுதான் அந்த அமைதியின் நடுவில் கேட்டது.

"ஹிக்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். யோசுகேயின் காது சிவந்தது. மூன்றாவது அடவுக்கு அவன் வாளை நெஞ்சுக்கு நேரே நீட்ட வேண்டும். தமாகி நெஞ்சில் குத்த வருவாள். அவன் தட்டிவிட வேண்டும். ஆனால் விக்கலில் கணக்கு தவறிவிட்டது. வாளைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். அது நாலாவது அடவின் நிலை. அவன் நெஞ்சு திறந்து கிடந்தது.

கவசம் கிடையாது. தமாகி மூன்றாவது அடவின்படி குத்தினால் மரவாள் நேரே அவன் நெஞ்சில் பாயும். நிறுத்திவிட்டால், அவன் தவறியது ஊருக்கே தெரிந்துவிடும். அவன் கண்ணில் நீர் முட்டுவதை அவள் பார்த்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கும் புரிந்துவிட்டது.

தமாகி ஒரு மூச்சு நின்றாள். பிறகு அமைதியாக வாளின் முனையைத் தாழ்த்தினாள். நாலாவது அடவில் அடிவாள் எப்படி வருமோ அப்படி, அவன் முழங்காலை நோக்கிக் கீழிருந்து வீசினாள்.

யோசுகேயின் கால் தானாகப் பின்னால் போனது. அவன் வாள் மேலிருந்து இறங்கியது. "யேய்!" என்ற அவன் குரலில் மண்டபமே அதிர்ந்தது. வாள் தமாகியின் நெற்றிக்கு ஒரு மயிரிழை மேலே, ஆடாமல் நின்றது. அந்தக் கத்தலில் விக்கலும் ஓடிப்போனது.

இப்போது விட்டுப்போன மூன்றாவதைச் செய்ய வேண்டும். தமாகி தன் வாள்முனையை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டிக் காத்திருந்தாள். இதோ, இங்கேதான் வரப்போகிறேன். அவள் கண் சொன்னதை அவன் கண் புரிந்துகொண்டது. வாளை நேரே நீட்டினான். அவள் குத்தினாள், அவன் தட்டிவிட்டான். ஐந்தாவது அடவை இருவரும் ஒரே மூச்சில் முடித்தார்கள்.

கைதட்டல் எழுந்தது. ஆசிரியை குராதா கைதட்டவில்லை. தரையில் இரு கைகளையும் ஊன்றி, தமாகிக்குத் தலைவணங்கினார். மாணவிக்கு வணங்குவதைவிட ஆழமான வணக்கம் அது.

பிறகு எல்லாருக்கும் அரிசிக் கொழுக்கட்டை போட்ட சூடான சிவப்புப் பயற்றங்கஞ்சி கொடுத்தார்கள். கசுமா கிண்ணத்தோடு தமாகி பக்கத்தில் வந்து நின்றான்.

"நாலாவது முன்னாடி வந்துச்சு, மூணாவது பின்னாடி போச்சு. நான் பாத்துட்டேன்."

"கஞ்சி ஆறுது. குடி."

கசுமா ஒரு வாய் குடித்தான். "நானா இருந்தா குத்தியிருப்பேன்," என்றான் மெதுவாக. தன் கிண்ணத்திலிருந்த கொழுக்கட்டைகளில் ஒன்றை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனான்.

அந்தப் பக்கம் யோசுகே தன் அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். "பாத்தியாம்மா? அஞ்சும் ஜெயிச்சேன். அஞ்சும்."

அப்பா வந்து உட்கார்ந்தார்.

"எல்லாத் தடவையும் தோத்துட்டேன்பா," என்றாள் தமாகி.

"பாத்தேன். வாளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா." அப்பா கஞ்சியை ஊதினார். "ஆனா பனிப்புயல்ல ரெண்டு லாரி சேந்து போவோம். முன்னாடி வண்டியோட சிவப்பு விளக்கைப் பாத்துத்தான் பின்னாடி வர்றவன் ஓட்டுவான். அவன் கண்ணுல இருந்து அந்த விளக்கு மறையாமப் போகணும். நீ அந்தப் பையனுக்கு விளக்கு காட்டிக்கிட்டே போன."

தமாகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"முன்னாடி வண்டியை எங்க கம்பெனியில எல்லார்கிட்டயும் குடுக்க மாட்டாங்க, தெரியுமா?" என்றார் அப்பா. அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. காலுறை ஓட்டையை மறைக்கவும் மறந்துபோயிருந்தார்.

ஆசிரியை ரொட்டிக் கூடையுடன் அவர்களைத் தாண்டிப் போனார். தமாகி எழுந்து நின்றாள்.

"சென்செய், அடுத்த வருஷமும் நானே தோக்கட்டுமா?"

ஆசிரியை கூடையில் தேடி, நன்றாக உப்பிய ரொட்டி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். "உன்னை விட்டா வேற யாரு?" என்றார்.

தமாகி அந்த ரொட்டியை இரண்டாகப் பிட்டாள். பெரிய பாதியை எடுத்துக்கொண்டு, தன்னை ஐந்து முறையும் ஜெயித்தவனைத் தேடிப் போனாள்.