சஹீரிடம் யார் சொல்வது?

சாப்பாட்டு மணி அடித்து, எல்லோரும் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். சஹீரை மட்டும் காணவில்லை.

அவன் எங்கே இருப்பான் என்று மிஸ்பாவுக்குத் தெரியும். வாசலுக்கு ஓடினாள். தூறலில் நனைந்தபடி, இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். எதிரே லேத் பட்டறையில் இரும்பு கடையும் சத்தம் காதைத் துளைத்தது.

"சஹீர், சோறு ஆறிப்போயிரும். வா."

"கார் சத்தம் கேட்டுச்சு அக்கா."

"அது பட்டறைக்கு வந்த டெம்போடா."

"ஹெலன் அக்கா வருவாங்க. போயிட்டு வரேன்னு சொன்னாங்கல்ல?"

மிஸ்பா அவன் கையைப் பிடித்தாள். அது காய்ச்சலில் சுட்டது.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் இருந்த அந்த இல்லத்தில், பெற்றோர் இல்லாத பிள்ளைகள் வளர்ந்தார்கள். மிஸ்பாவுக்குப் பதினொரு வயது. சஹீருக்கு ஐந்து. இருவரும் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஆனாலும் அவனுக்குத் தலை சீவிவிடுவதும், சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் அவள்தான்.

போன வருஷம் டென்மார்க்கிலிருந்து ஹெலன் என்ற பெண் ஊர் சுற்றிப் பார்க்க வந்தாள். ஊட்டிக்குப் போகும் வழியில் கோயமுத்தூரில் தங்கியபோது இல்லத்துக்கும் வந்தாள். ஒரு வாரம் தினமும் வந்து பிள்ளைகளோடு விளையாடினாள். சஹீரை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. கிளம்பும்போது, யாரோ சொல்லிக்கொடுத்த தமிழில் "போயிட்டு வரேன்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

நம் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்லமாட்டார்கள். கடைக்குப் போனாலும் கடல் தாண்டிப் போனாலும் "போயிட்டு வரேன்"தான். பெரியவர்களுக்கு அது தெரியும். சஹீருக்குத் தெரியவில்லை. அவன் காத்திருந்தான்.

அவன் சாப்பிடாமல் அடம்பிடிக்கும்போதெல்லாம் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் ராமாமணி அம்மா, "சாப்பிடு கண்ணு, நாளைக்கு வந்துருவாங்க" என்பார். பாவம், அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. நாளைகள் வந்துகொண்டே இருந்தன. ஹெலன் வரவில்லை.

அவன் காய்ச்சல் விட்ட பிறகு, ஒரு சனிக்கிழமை ராமாமணி அம்மா எல்லோரையும் கூப்பிட்டார்.

"வெளிநாட்டுக்காரங்க வாராங்க. எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா இருக்கோணும். மூக்கைச் சட்டையில தொடைக்கப்படாது."

எல்லோருக்கும் பவுடர் பூசினார்கள். மாவு மில்லிலிருந்து வந்தவர்களைப் போலப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

வெள்ளை அம்பாசிடர் டாக்சி வந்து நின்றதும் சஹீர் வரிசையை விட்டு ஓடினான். பின்சீட்டில் பார்த்தான். முன்சீட்டில் பார்த்தான். பிறகு டிரைவர் பாலுசாமியின் பேண்ட்டைப் பிடித்து இழுத்தான்.

"டிக்கியைத் தொறங்க மாமா."

"டிக்கியில என்ன கண்ணு இருக்குது? ஸ்டெப்னிதான்" என்று சிரித்தார் அவர். ஆனாலும் திறந்து காட்டினார். சஹீர் எட்டிப் பார்த்துவிட்டு வரிசைக்குத் திரும்பினான்.

கேரன் என்ற அம்மாவும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். கணவர் போட்டோ எடுத்தார். பிள்ளைகள் பாடினார்கள். அந்த அம்மா எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். அழுவதுபோல் நின்ற சஹீரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவன் அவர் தோளில் சாய்ந்துகொண்டான். அவர் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிச் சுற்றி விளையாடினான்.

மிஸ்பாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது.

கிளம்பும் நேரம் வந்தது. ராமாமணி அம்மா சந்தோஷமாக, "தமிழ்ல சொல்லுங்க. போயிட்டு வரேன்!" என்று சொல்லிக்கொடுத்தார். கேரன் அம்மா மெதுவாக ஒத்திகை பார்த்தார்.

"போய்ட்டூ..."

சஹீர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவன் கண் இரண்டும் பளிச்சென்று விரிந்தன.

மிஸ்பா பாலுசாமியிடம் ஓடினாள்.

"ஏனுங்கண்ணா, அதைச் சொல்ல வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க. திரும்பி வரமாட்டாங்கன்னா வரமாட்டேன்னே சொல்லச் சொல்லுங்க."

பாலுசாமி திகைத்தார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கேரன் அம்மா மிஸ்பாவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"நான் தேங்க்யூ சொல்றேன்னுதானே அவங்ககிட்ட சொன்னீங்கண்ணா?" என்றாள் மிஸ்பா. "எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியுமுங்க."

"மிஸ்பா!" ராமாமணி அம்மாவின் குரல் உயர்ந்தது. "விருந்தாளிககிட்ட இப்படியா பேசறது?"

மிஸ்பா நகரவில்லை.

"எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப இப்படித்தாங்க சொல்லிட்டுப் போனாங்க. வரலை. யாருமே எங்கிட்ட உண்மையச் சொல்லலைங்க. நானும் இவனை மாதிரியே வாசல்ல உக்காந்திருந்தேன்."

பாலுசாமி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேரன் அம்மாவிடம் மெல்ல, நிறைய நேரம் பேசினார். இந்தத் தடவை அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவர் சஹீரைக் கீழே இறக்கி, அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பேசினார். பாலுசாமி அதைத் தமிழில் சொன்னார்.

"இவங்க நாளைக்கு ஏரோப்ளேன் ஏறி அவங்க ஊருக்குப் போறாங்க கண்ணு. ரொம்ப தூரம். திரும்பி வரமாட்டாங்க. உன்கூட இருந்தது இவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதாம்."

சஹீர் யோசித்தான்.

"அப்ப ஹெலன் அக்கா?"

பாலுசாமிக்கு ஹெலன் யாரென்று தெரியாது. ராமாமணி அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மிஸ்பா காத்துப் பார்த்தாள். அவளைத் தவிர யாரும் சொல்லப்போவதில்லை.

"ஹெலன் அக்காவும் வரமாட்டாங்கடா."

"பொய்!"

"பொய் இல்ல. நீ ஒண்ணும் தப்பு பண்ணலை. அவங்க ஊரு ரொம்பத் தூரம். அவ்வளவுதான்."

சஹீர் அவள் வயிற்றில் குத்தினான். இரண்டு கையாலும் குத்தினான். பிறகு அவள் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வீடே அதிரும்படி அழுதான். பவுடரும் கண்ணீரும் சேர்ந்து பாவாடையெல்லாம் வெள்ளையானது. டாக்சி கிளம்பியதை அவன் பார்க்கவில்லை.

மிஸ்பா அப்படியே படியில் உட்கார்ந்தாள். அவனை அழாதே என்று சொல்லவில்லை. எதிர்ப்பட்டறையில் வேலை முடிந்து ஷட்டரை இழுத்து மூடினார்கள். அழுகை விக்கலாக மாறி, விக்கலும் நின்றது.

ராமாமணி அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று மிஸ்பா நினைத்தாள்.

"நானும் தினமும் நாளைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு சொல்லிப்போட்டேன் அம்மணி" என்றார் அவர். குரல் கம்மியிருந்தது.

"இனிமே சொல்லாதீங்க அம்மா."

"சொல்லமாட்டேன்."

அவர் முந்தானையால் சஹீரின் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

இரவுச் சாப்பாட்டு மணி அடித்தது. சஹீர் எழுந்தான். முகம் வீங்கியிருந்தது. மிஸ்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

"அக்கா, நீயும் போயிருவியா?"

மாட்டேன் என்ற சொல் வாய் வரை வந்தது. மிஸ்பா அதை விழுங்கிக்கொண்டாள். பெரிய வகுப்புக்குப் போனால் அவளை வேறு விடுதிக்கு மாற்றிவிடுவார்கள்.

"பெரிய பொண்ணானா வேற எடத்துக்குப் போகோணும்டா. போறதுக்கு முன்னாடி உங்கிட்ட நானே சொல்லுவேன். அதுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கு."

"நாளைக்கு இருப்பியா?"

"இருப்பேன்."

"நாளான்னைக்கு?"

"பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் வந்துருவேன்."

சஹீர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு தன் தட்டை அவள் தட்டோடு ஒட்டி வைத்து, உட்கார்ந்தான்.

"எனக்கு ரசம் வேண்டாம்" என்றான். "மோரு ஊத்து. நெறைய."