படகுக்காரர் அழைப்பு

பழைய வணிகர் மாளிகையான கித்தானி வீட்டின் கனத்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பஸ்யூனி உள்ளே நுழைந்தபோது மதியம் இரண்டரை மணி. வெளியே நைல் ஆறு வெயிலில் புதுத் தகரம் போலக் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே இருநூறு வருஷத்து இருட்டு. சிவப்பும் கறுப்புமாக அடுக்கிய செங்கல் சுவர்களில் ஆற்று ஈரம் ஊறி, நனைந்த சாக்கின் வாடை வீசியது.

சுற்றுலா வழிகாட்டியான அவர் காலையிலிருந்து தந்தா ஊர்க்காரர்கள் பதினோரு பேருக்கு ரஷீத் நகரத்தைச் சுற்றிக் காட்டியிருந்தார். மீன் சந்தை, பேரீச்சம்பழக் கடைகள், ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடை, பழைய வணிகர்களின் மாடி வீடுகள். அவர்களை வேனில் ஏற்றி அனுப்பும்போது, "அடுத்த தடவை நேரா நம்ம வீட்டுக்கே வந்துருங்க, பத்து நாள் தங்கணும்" என்று கைகூப்பாத குறையாகக் கெஞ்சினார். அவர்களும் கண் கலங்க ஒத்துக்கொண்டார்கள். பதினோரு பேரில் ஒருவர்கூட அவர் வீடு எங்கே என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

ரஷீத்தில் இதற்குப் படகுக்காரர் அழைப்பு என்று பெயர். நடு ஆற்றில் படகில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் கரையில் நிற்பவனைப் பார்த்து, வாங்க சாப்பிடலாம் என்று கூவுவான். அவனும் வர முடியாது, இவனுக்கும் சோறு குறையாது. போன வருஷம் ஒரு ஜெர்மன்காரர்தான் இது தெரியாமல், மீன்காரன் பேச்சுக்கு "காசு வேணாம் விடுங்க, நம்ம கடை, எடுத்துட்டுப் போங்க" என்றதை நம்பி, மார்பில் கைவைத்து நன்றி சொல்லிவிட்டு இரண்டு கிலோ மடவை மீனோடு நடையைக் கட்டினார். மீன்காரன் வாயைத் திறந்தபடி நின்றான். சந்தையே ஒரு மாதம் சிரித்தது. அதிகம் சிரித்தவர் பஸ்யூனி.

மேல்மாடி விருந்துக் கூடத்தில் காவலாளி ஷஹாத்தா பாய் விரித்து வைத்திருந்தான். பஸ்யூனி மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்ததும் அவன் மூக்கு விடைத்தது.

"சுஹைர் பொரிச்சதா?"

"பின்ன, உன் அத்தையா பொரிச்சா?"

"ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன். அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிராத. முள்ளையாவது எனக்கு வை."

ஷஹாத்தாவின் காலடி படிகளில் இறங்கித் தேய்ந்தது. பஸ்யூனி பொட்டலத்தைப் பிரித்தார். பூண்டும் சீரகமும் தடவிய நாலு மீன். காலையில் அதைக் கட்டிக் கொடுக்கும்போதே மகள் சுஹைர் கிண்டலடித்திருந்தாள். "பாபா, உங்க நாக்கைக் கொஞ்சம் கழட்டி வெச்சுட்டுச் சாப்பிடுங்க. அதுவும் பாவம், முப்பது வருஷமா லீவே இல்லாம வேலை பாக்குது." இருபது வயது. செவிலியர் படிப்பு கடைசி வருஷம். அவள் வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் ரேடியோ தேவையில்லை.

எதிர்ச் சுவரில், பெண்கள் பகுதியை மறைக்கும் மரச் சல்லடை. அதன் நடுவே ஆளுயரச் சுழல் அலமாரி. அந்தக் காலத்தில் பெண்கள் அந்தப் பக்கம் தட்டை வைத்துச் சுழற்ற, இந்தப் பக்கம் ஆண் விருந்தாளிகள் எடுத்துக்கொள்வார்களாம். கையும் தெரியாது, முகமும் தெரியாது. அது சுழல்வதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

ஒரு வாய் எடுத்தவர் நிறுத்தினார். யாரையும் கூப்பிடாமல் சாப்பிட்டுப் பழக்கமில்லை. சல்லடைக்குப் பின்னால் ஒரு சீமாட்டி இருப்பதுபோல அதைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க ஹானும், ஒரு வாய் சாப்பிடுங்க."

கீழே தெருவில் ஒரு டுக்டுக் போனது.

பிறகு அலமாரி சுழன்றது.

கிரீச்சிடவில்லை. நேற்றுத்தான் எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு திரும்பி நின்றது. அதன் பலகையில் ஒரு பீங்கான் தட்டு. நீலக் கோடு போட்டது. கழுவிய ஈரம் காயவில்லை.

காலியாக இருந்தது.

ஷஹாத்தாவின் குறும்பு என்றுதான் பஸ்யூனி நினைத்தார். சளைத்தவரா அவர்? இருப்பதிலேயே பெரிய மீனை எடுத்து வைத்து, எலுமிச்சையும் பிழிந்து, அலமாரியைத் தள்ளிவிட்டார்.

"வயிறாரச் சாப்பிடுங்க ஹானும். என் பொண்ணு சுஹைர் கைப்பக்குவம். உங்க வேலைக்காரி அவ. நம்ம வீட்டுக்கும் ஒரு நடை வரணும். என்ன, என் வீடு உங்க வீடு."

அலமாரி திரும்பி வந்தது. தலை முதல் வால் வரை ஒன்றுகூட உடையாத முள், சீப்பைப் போல. பக்கத்தில் சப்பிய எலுமிச்சைத் தோல். நாரத்தம்பூ பன்னீரின் பழைய, மக்கிய மணம் ஒன்று மெல்லப் பரவியது.

"யார்கிட்ட பேசிட்டிருக்க?"

ஷஹாத்தா வாசலில் நின்றான். கையில் ஆவி பறக்கும் ரொட்டி. நெற்றியெல்லாம் வேர்வை.

"உன்கிட்டதான். போதும்ப்பா நடிப்பு, எந்த வழியா சுத்தி வந்தே?"

ஷஹாத்தா தட்டைப் பார்த்தான். அலமாரியைப் பார்த்தான். ரொட்டியை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"அந்தப் பக்கம் தரை கிடையாது பஸ்யூனி. போன மழைக்கே இடிஞ்சு விழுந்துருச்சு. நிக்கறதுக்கு ஒரு சாண் இடமில்ல."

பஸ்யூனி சல்லடையிலிருந்து இரண்டடி பின்வாங்கினார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னே?"

சொன்னார்.

"கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லு."

"வீட்டுக்கு வாங்கன்னேன். சும்மா பேச்சுக்குத்தானேப்பா."

"பேச்சுக்குன்னு நமக்குத் தெரியும்" என்றான் ஷஹாத்தா.

பஸ்யூனி சந்தை வழியாகத்தான் வீடு திரும்பினார். கூட்டம் வேண்டியிருந்தது. ஊறுகாய்ப் பீப்பாய்கள், கருவாட்டு நாற்றம், தொண்டை கிழியக் கூவும் ஆட்கள், எல்லாம் வேண்டியிருந்தது. கரும்புச்சாறு கடையில் நின்று ஒன்று கேட்டார். கடைக்காரன் இரண்டு டம்ளர் நிரப்பி வைத்தான்.

"ஒண்ணு போதும்ப்பா."

"உங்களுக்கு ஒண்ணு போதும் அண்ணே. கூட வந்த ஹானும் வெயில்ல எவ்வளவு நேரம் நிப்பாங்க?" சொல்லிவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அட, எங்க போனாங்க?"

பஸ்யூனி திரும்பவில்லை. இரண்டாவது டம்ளரைத்தான் பார்த்தார். அதில் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

நாலாவது மாடி ஏறி வந்தபோது வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு. மஞ்சள் தோல், முனை சுருண்டது, பெண்கள் அளவு. உள்ளே மனைவி நஃபீஸா நல்ல கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விருந்தாளி வராங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க? வீடு கிடக்கிற கிடையில..."

"நீ பாத்தியா அவங்களை?"

"நான் எங்க பாத்தேன், அடுப்படியில இருந்தேன். சுஹைர்தான் கதவைத் திறந்து கூட்டிட்டுப் போனா."

வரவேற்பறை இருட்டாக இருந்தது. யாரோ சன்னல் பலகைகளைச் சாத்தியிருந்தார்கள். பெரிய சோபாவின் நடுவில் மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது. அதற்கு எதிரே சுஹைர் தட்டை ஏந்தி நின்றாள், தலை குனிந்து.

"சுஹைர், வெளியில வாம்மா."

"பாபா, மெதுவா" என்று கிசுகிசுத்தாள். "அவங்க குடிச்சிட்டிருக்காங்க."

தட்டில் இருந்த கோப்பையில் காப்பி இறங்கிக்கொண்டே வந்தது.

அன்று முதல் சுஹைர் உட்காரவில்லை. சாப்பிடவில்லை. வரவேற்பறையிலிருந்து வரும் அழைப்பு மற்ற யார் காதுக்கும் கேட்காது. அவள் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போவாள். இரண்டாம் நாள் பேச்சே நின்றுபோனது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, உள்ளங்கை சுட்டுக் கொப்புளித்தும் காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்தாள். நஃபீஸா அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள். மகள் அவள் தோளுக்கு மேலாக வரவேற்பறைக் கதவையே பார்த்துக்கொண்டு, பணிவான குரலில் சொன்னாள்:

"அம்மணி, நீங்க யாருன்னு தெரியல. என்னை விடுங்க. உள்ளே தேடுவாங்க."

நஃபீஸாவின் கைகள் தாமாகவே விட்டுவிட்டன.

பக்கத்து ஊரான இட்கூவிலிருந்த சின்னம்மா வீட்டுக்கு அவளைக் கொண்டுபோகப் பார்த்தார்கள். வேனில் ஏற்றி, நடுவில் உட்கார வைத்து, இருபுறமும் இருவர் பிடித்துக்கொண்டார்கள். ஊர் எல்லை தாண்டியதும் நடு இருக்கையில் கிடந்தது அவளுடைய சால்வை மட்டும். வீடு திரும்பினால் அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

பள்ளிவாசல் ஷேக் வந்தார். வரவேற்பறை வாசலில் நின்று நெடுநேரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு கேட்டார்.

"தானா வந்ததா, நீ கூப்பிட்டியா?"

"நான்தான் கூப்பிட்டேன், மௌலானா."

"வீடு உங்க வீடுன்னியா?"

"சொன்னேன்."

"பொண்ணை வேலைக்காரின்னு சொன்னியா?"

பஸ்யூனி தலையைக் குனிந்தார்.

"சைத்தான்னா விரட்டறதுக்கு ஓதலாம். விருந்தாளிக்கு எதிரா நான் எதை ஓதட்டும்?" ஷேக் செருப்பை மாட்டிக்கொண்டார். காப்பிகூடக் குடிக்கவில்லை. நஃபீஸா வற்புறுத்தவும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் ஷஹாத்தா வந்தான். வாசற்படியைத் தாண்டாமல் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"விருந்துன்னா மூணு நாள். ஒழுங்கான குடும்பத்துப் பொம்பளை அதுக்கு மேல தங்க மாட்டா. அவளே எழுந்து விடை கேப்பா. கேக்கும்போது விட்டுடு."

"வேற என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். உன்னால முடிஞ்சா வாயை மூடிக்கிட்டு இரு."

அன்று முழுக்கக் கணவனும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன சொல்வது என்று முடிவு செய்திருந்தார்கள். சுகமா போங்க. இரண்டே வார்த்தை. பஸ்யூனி அதை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். சன்னலுக்கு வெளியே ஆற்றில் படகுகள் போயின. கீழே சந்தையில் விலை கூவினார்கள். உலகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு ஒலித்து அடங்கியபோது பன்னீர் மணம் மெலியத் தொடங்கியது.

வரவேற்பறையில் சோபா முனகியது. அமுங்கிய மெத்தை மெல்ல மேலே எழுந்தது.

உள்ளேயிருந்து சுஹைர் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, மேசை முன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதல் முறை. தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளங்களைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"பாபா, பசிக்குது" என்றாள். "என்ன ஆச்சு எனக்கு?"

நஃபீஸா வாயைப் பொத்திக்கொண்டாள். ரொட்டியைப் பிட்டு மகளிடம் நீட்டினாள். சுஹைர் வாங்கிக் கடித்தாள். மென்றாள். அவள் மெல்லும் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றைப் பஸ்யூனி அதுவரை கேட்டதில்லை.

வாசலில் மஞ்சள் செருப்புகள் திரும்பின. முதலில் ஒன்று. பிறகு மற்றது. வெளியே பார்த்து நின்றன.

தாழ்ப்பாள் தானாக உயர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. படிக்கட்டின் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது.

குரல் மிக அருகில் கேட்டது. வயதான, நாகரிகமான, நல்ல குடும்பத்துப் பெண்ணின் குரல்.

"உத்தரவு வாங்கிக்கிறேன்."

பஸ்யூனியின் கண்ணில் நீர் முட்டியது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு போனது. மார்பில் கைவைத்து, எழுந்து நின்று, குனிந்தார்.

"அதுக்குள்ளயா ஹானும்? என்ன அவசரம், இன்னும் நேரமிருக்கே. உட்காருங்க."

சொன்னது யார் என்று அவர் தேடினார். நஃபீஸாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

முப்பது வருஷமாக வாசலில் நின்ற எல்லாரிடமும் சொன்னது. அவர்களும் சிரித்து, இன்னொரு நாள் வரேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுதான் முறை. இப்போதும் அதற்காகத்தான் காத்து நின்றார், குனிந்த முதுகு நிமிராமல்.

வாசலில் மஞ்சள் செருப்புகள் மறுபடி உள்பக்கம் பார்த்துத் திரும்பின.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

சுஹைர் கடித்த ரொட்டியை மேசைமேல் வைத்தாள். வாயில் இருந்ததைக் கையில் துப்பி ஓரமாக ஒதுக்கினாள். எழுந்தாள். கொப்புளம் வெடித்த கைகளால் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"சுஹைர்" என்றார் பஸ்யூனி. "சுஹைர்."

அவள் திரும்பவில்லை. தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் கீழே, தெருக்கதவுப் பக்கம், சாமான் நிறைந்த கனமான மரப்பெட்டி ஒன்றைத் தரையில் இறக்கிய ஓசை எழுந்தது. பிறகு அது படியேறத் தொடங்கியது. ஒரு படி, ஒரு இடி. ஒரு படி, ஒரு இடி. முதல் மாடி. இரண்டாவது மாடி. யார் வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

மூன்றாவது மாடியில் அது மூச்சு வாங்க நின்றபோது, கீழே இரண்டாவது பெட்டியை இறக்கினார்கள்.